பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த பிளாஸ்டர்

ஹட்டனில் நான் மருந்து வாங்கும் பார்மசியில், வலிக்கு ஒட்டும் பிளாஸ்டர் முன்பெல்லாம் ஒரே ஒரு கொக்கியில் தொங்கும். போன வாரம் எண்ணிப் பார்த்தேன், பதினான்கு கொக்கி. இடுப்புக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று. தைலப் போத்தல்கள் கீழ்த்தட்டில் தூசி பிடித்துக் கிடந்தன.

"பாமெல்லாம் இப்ப யாரு கேக்குறா மாஸ்டர்? தேயிலைக் கொழுந்து எடுக்குற பொம்பளைங்க சம்பளத்தன்னைக்கு வந்து கொத்தா வாங்கிட்டுப் போறாங்க. தேச்சுவிட ஆள் வேணாம், ஒட்டிக்கிட்டு மலைக்குப் போயிரலாம்" என்றார் கடைக்காரர்.

அவருக்கு வியாபாரம். எனக்கு அதைப் பார்த்தாலே ஒரு மழை நாள் ஞாபகத்துக்கு வருகிறது.

என் மனைவிக்கும் பிளாஸ்டர்தான். ஆனால் அது கடையில் தொங்குவதில்லை. புற்றுநோய் முதுகெலும்புக்குப் போன பிறகு கிளினிக்கில் கொடுத்தார்கள். மூன்று நாளைக்குத் தோல் வழியாகக் கொஞ்சங்கொஞ்சமாக, மார்பின் மாதிரியான கடும் மருந்து இறங்கும். வேறு யாரும் ஒட்டக் கூடாது, சூடு படக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவளிடம் சொன்னேன். நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் கண்ணுக்கு அதுவும் கடைப் பிளாஸ்டர் மாதிரியே இருந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில் பெட்டியைத் திறந்து எண்ணினேன். ஐந்து இருக்க வேண்டும், நான்குதான் இருந்தன.

"ஒன்னு எங்க?"

"பக்கத்து வீட்டுப் புள்ளைக்குக் குடுத்தேன். தோள்பட்டை புடுங்குதுன்னு காலையில அழுதுச்சு. ஒன்னு கொறஞ்சதுக்கு ஊரைக் கூட்டாதீங்க."

சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள் கொண்ட எங்கள் லயத்தில் மாவும் சீனியும் பாதித் தேங்காயும் வீட்டுக்கு வீடு போகும், வரும். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் கிடையாது.

ஓடினேன். அந்தப் பெண் மலையிலிருந்து நனைந்து வந்து, குளிருக்கு அடுப்புப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, அப்படியே சுவரில் சரிந்திருந்தாள். தோளில் பிளாஸ்டர், அனல் நேராக அதன் மேல். கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை. மூச்சை எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு ஏழுதான், பன்னிரண்டுக்குக் குறையக் கூடாது.

பிளாஸ்டரை உரித்து எறிந்து, அடுப்பை விட்டு இழுத்துப் போட்டுவிட்டு ஆட்டோவுக்குச் சத்தம் போட்டேன். வர வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் மனைவி ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வரை அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். "தூங்காதடி, ஏய், கண்ணை முழி!" அங்கே ஊசி போட்ட பிறகுதான் மூச்சு ஒழுங்குக்கு வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் அந்தப் பெண் எங்களைப் பார்க்க வந்தாள். "கல்யாணத்துக்கு அப்புறம் நான் நல்லாத் தூங்குனது அன்னைக்குத்தான் அக்கா" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி சிரிக்கவில்லை.

அந்தப் பெண் போன பிறகு மனைவி கேட்டாள். "என்னாங்க, கூடை நெறையக் கொழுந்து தூக்குற புள்ள, ஒரே பிளாஸ்டர்ல சாஞ்சிருச்சு. நான் அதையே ஒட்டிக்கிட்டு ஒங்களோட சண்டை போடுறேன். வலியும் முழுசா போகல. அப்ப எனக்கு எவ்வளவு முத்திப்போயிருக்கு?"

டாக்டர் சொன்ன மாதக் கணக்கைச் சொல்லாமல், "நெறைய" என்றேன்.



"இவ்வளவு முத்திப்போச்சு, அதுக்குக் குடுத்த மருந்துன்னு மொதல்லயே சொல்லியிருந்தா அவளுக்குக் குடுத்திருப்பேனா?" என்று கேட்டுவிட்டு, புதியதை ஒட்டுவதற்கு முதுகை என் பக்கம் திருப்பினாள்.