மாஸ்ரர் ஊதாத குழல்

என் மேசையில் ஒரு மூங்கில் குழல் கிடக்கிறது. நயினாதீவுத் திருவிழாக் கடையில் என்னைப் பெற்ற ஐயா எனக்கு வாங்கித் தந்தது. பக்கத்தில் ஒரு கடிதம். எனக்குப் புல்லாங்குழல் பழக்கிய மாஸ்ரருக்கு எங்கள் ஊர் சுருவிலில் பவள விழா எடுக்கிறார்களாம். விழா மலருக்கு என் நினைவுகள் ஒரு பக்கம் வேண்டுமாம். விழாச் செயலாளர் என்னோடு குழல் படித்தவர். "நல்லதாய் நாலு வசனம் எழுதும் ஐசே" என்று போனிலும் சொன்னார். எழுதுகிறேன்.

சனிக்கிழமைகளில் வாசிகசாலையில் வகுப்பு. ஆறு பேர் படித்தோம். யாருக்காவது சுரம் பிசகினால் மாஸ்ரர் அந்தப் பிள்ளையின் குழலை வாங்கி, சால்வையால் துடைத்து, தானே ஊதிக் காட்டித் திருப்பிக் கொடுப்பார். குழல் படிப்பிக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். என் குழலை மட்டும் அவர் ஒருநாளும் வாங்கவில்லை. என்னிடம் வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "காந்தாரம் சேரேல்லை. திரும்ப ஊது" என்பார். மூன்று வருடம் திரும்பத் திரும்ப ஊதினேன். கிணற்றடியில் ஊதினேன், பனங்கூடலுக்குள் நின்று ஊதினேன். உதடு வெடித்ததுதான் மிச்சம். கோயில் திருவிழா மேடைக்கு ஒரு வாரம் இருக்கையில், எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: "உனக்குக் காதில்லையடா. உனக்கு ஏலாது." மற்ற ஐந்து பேரும் மேடை ஏறினார்கள். நான் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். அதற்குப் பிறகு குழலைத் தொடவில்லை. எனக்குக் காதில்லை என்று நானே நம்பிவிட்டேன்.

இந்த வருடம் என் மகள் யாழ்ப்பாணத்தில் குழல் பழகத் தொடங்கினாள். பழையது உதவுமோ என்று கொண்டுபோய்க் காட்டினேன். அவளுடைய ரீச்சர், இளம் பிள்ளை, அதை என் கையிலிருந்து வாங்கித் துடைத்து வாயில் வைத்தார். அவர் ஊதிய சத்தம் என் காதில் ஏறவில்லை. அவருடைய உதட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணை, இது பிழையான குழல். காந்தாரத் துளை தள்ளி விழுந்திருக்கு. பழகிற பிள்ளை ஆர் ஊதினாலும் சேராது. ஒருக்கா ஊதினால் தெரியுமே. உங்கட மாஸ்ரர் பார்க்கேல்லையோ?"

அதற்குப் பதிலை இங்கே சொல்கிறேன். பார்க்கவில்லை. எங்கள் ஐயா பனையேறிக் கள்ளுச் சீவியவர். அவர் இறக்கிய கள்ளைப் பின்னேரங்களில் எங்கள் வேலியோடு நின்று வாங்கிக் குடித்தவர்தான் மாஸ்ரர். அது அவருடைய வாய்க்கு ஆகும். ஐயாவின் மகன் வாய் வைத்த குழல் ஆகாது. படிப்பிக்கமாட்டேன் என்று வாசலிலேயே துரத்தியிருந்தால் ஒருவேளை மன்னித்திருப்பேன். அரை நிமிட வேலையைச் செய்யாமல், பிழையை என் காதில் போட்டார் அந்த மனுசன். அதை நான் மன்னிக்கப் போவதில்லை.

செயலாளரே, இதுதான் என் பக்கம். அச்சடிக்கமாட்டீர் என்று தெரியும். ஆகவே குழலையும் சேர்த்து அனுப்புகிறேன். மாலை போட்டு முடிந்ததும் மேடையில் வைத்தே மாஸ்ரரிடம் கொடும். இன்று காலை நான் ஊதினேன், துடைக்கவில்லை. ஒருக்கா ஊதிப் பார்க்கச் சொல்லும்.