வேட்டிக்கு ஏற்ற துப்பாக்கி

படிப்பு எனக்கு நாலாம் வகுப்போடு முடிந்தது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் ஜல்லிதான். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே முக்கால் இஞ்சா ஒன்றரை இஞ்சா என்று சொல்லிவிடுவேன். லாரியில் ஜல்லி வாரிப் போட்ட கை, லாரி வாங்கி, பிறகு குவாரியே எடுத்தது. நாவலூரில் நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற அடுக்குமாடிகளில் பாதிக்கு அடியில் கிடப்பது என் கல். பெருமையடிக்கிறான் என்பார்கள். அடிக்கிறேன். செய்தவன்தானே அடிக்க முடியும்?

அப்படிப்பட்ட எனக்கும் பயம் வந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் பாட்டன் காலத்துச் சவுக்குத் தோப்பு ஒன்று இருக்கிறது. எனக்கும் என் சித்தப்பா மகனுக்கும் பொது. ரிசார்ட் கட்டுகிறவர்கள் விலை கேட்க ஆரம்பித்ததும் யார் பங்கு எதுவரை என்று பேச்சு வந்தது. பேச்சு முற்றிக் கோர்ட்டுக்குப் போனது. ஒரு நாள் மதுராந்தகத்தில் என் வீட்டிலிருந்து கிளம்பிப் போகும்போது, படாளம் தாண்டியதும் இரண்டு பைக்குகள் காரை மறித்தன. ஒருவன் குனிந்து விரல் நுனியால் கண்ணாடியைத் தட்டினான். இறக்கினேன்.

"தோப்பு பக்கம் வந்துகினு போய்கினு இருக்காத பெருசு. வயசாயிடுச்சி. வூட்ல கெட."

அவ்வளவுதான். யார் அனுப்பியது என்று சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம், எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து யார் எந்தக் கண்ணாடியைத் தட்டினாலும், டீக்கடைக்காரர் கிளாஸை மேசையில் வைத்தாலும்கூட, என் முதுகு நிமிர்ந்துவிடும். தூக்கம் போனது. போலீசில் புகார் கொடுத்து, துப்பாக்கி லைசென்ஸுக்கு மனு போட்டு, அலைந்து அலைந்து அது கைக்கு வந்தபோது கத்திரி வெயில் தொடங்கியிருந்தது.

சென்னையில் கடைக்காரர் முதலில் ஒரு ரிவால்வரை எடுத்து வைத்தார். அழகாகத்தான் இருந்தது. தோட்டா போடுகிற உருளை மட்டும் நடுவில் கர்ப்பிணி வயிறு மாதிரி புடைத்திருந்தது. தோட்டா இல்லாமல்தான் கொடுத்தார். வேட்டி மேல் நான் கட்டுகிற அகலமான பச்சை பெல்ட்டில் செருகிப் பார்த்தேன். இரண்டு எட்டு வைத்தேன். பெல்ட், வேட்டி, துப்பாக்கி மூன்றும் சேர்ந்து இறங்க ஆரம்பித்தன. பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பேண்ட் போட்டா ஒரு பிரச்சினையும் இல்ல சார்" என்றார் கடைக்காரர்.

"கலெக்டரையே நான் வேட்டில தான்யா பாத்துட்டு வந்தேன். இதுக்கு போயி பேண்ட் போடுவனா?"

பிறகு ஒரு சின்ன பிஸ்டல் காட்டினார். தட்டை. ரிவால்வரைவிட மெலிசு. உள்ளங்கையை விரித்தால் அதற்குள் முக்கால்வாசி அடங்கியது. இதுதான் என்று உடனே முடிவு செய்தேன். விலைக்கு வந்ததைப் பார்த்ததும் தரம் சொல்லுகிறவன் நான். கடைக்காரர் மூன்று விஷயம் சொன்னார். ஒன்று, வேர்வை இதற்கு எதிரி, கடல் காற்று அதைவிடப் பெரிய எதிரி, ராத்திரி கழற்றியதும் எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். இரண்டு, வெளியே யார் கண்ணிலும் படக் கூடாது. மூன்று, வண்டியில் வைத்துவிட்டுப் போகக் கூடாது, வேறொருவர் கையிலும் கொடுக்கக் கூடாது. லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அவர் உடம்பை விட்டு அது பிரியக் கூடாது.

முதல் இரண்டைப் பற்றியே நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். நம் ஊர் வெயிலில் வெள்ளைச் சட்டை போட்டவன் எதையும் மறைக்க முடியாது. பையில் இருக்கிற நூறு ரூபாய்த் தாளின் நிறம்கூட வெளியே தெரியும். காலையில் கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் இருக்கிற சட்டை, பத்து மணிக்கெல்லாம் ஈரத் துணியாக உடம்பில் ஒட்டிக்கொள்ளும். பெல்ட்டுக்குக் கீழே வைத்தால் உட்காரும்போது தொடையைக் குத்தியது. முதுகுப் பக்கம் வைத்தால் கார் சீட்டில் சாய முடியவில்லை. கடைசியில் செங்கல்பட்டில் ஒரு டெய்லரிடம் போய், தடித்த துணியில் பனியன் மாதிரி ஒன்று, இடது கக்கத்தில் பை வைத்துத் தைக்கச் சொன்னேன்.

"பை எதுக்கு நைனா?"

"போன் வெக்க."

"இன்னா போன் அது? இவ்ளோ ஆழம் கேக்கிற. லேண்ட் லைனா?"

அதற்கு மேல் இரண்டு சைஸ் பெரிய கதர்ச் சட்டை. என் மனைவி வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, தலவாணிக்கு உறை மாட்டின மாதிரி கீற?"

வேர்க்குரு கக்கத்தில் ஆரம்பித்து மார்பு வரை பரவியது. சொறிந்துகொள்ளக் கையை உள்ளே விட்டால் எதிரில் இருப்பவன் பார்ப்பானே என்று அதையும் அடக்கினேன். ஆனால் கண்ணாடி முன் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றும் தெரியவில்லை. ஜெயித்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் தங்கை போன் செய்தாள். எனக்கும் அவளுக்கும் இருபது வயது வித்தியாசம். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிப் பெற்ற ஒரே பெண் குழந்தை. அதற்குக் காது குத்து. தோப்பின் ஓரத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வத்துக் கோயிலில் என்று பிறந்த வீட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள்.

"தாய்மாமன் மடி உன்னுதுதான் அண்ணா. ஆனா அந்த சனியன எடுத்துகினு வராத. அண்ணி எல்லாம் சொல்லிச்சி."

"அவனும் வருவானே?"

"வருவாரு. அவரும் எனக்கு அண்ணன்தான? அம்மன் ரெண்டு பேருக்கும் பொதுதான? நீ அதோட வந்தினா புள்ளைய சின்னண்ணன் மடில வெச்சிடுவேன், சொல்லிட்டேன்."

"சரிம்மா" என்றேன்.

குழந்தைக்குத் தங்கத் தோடு நான்தான் எடுத்தேன். கடையில் இருந்ததிலேயே நல்லது. காது குத்தன்று காலையில் தோட்டைச் சட்டைப் பையில் வைத்தேன். கண்ணாடி முன் நின்றேன். தோப்புக்குப் போக வேண்டும், அவன் இருப்பான், அவன் ஆட்கள் இருப்பார்கள். உள்ளே பனியன் பையில் பிஸ்டலையும் வைத்தேன். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அதற்காகத்தானே இத்தனை பாடு?

சவுக்கு நிழலில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். பொங்கல் பானை பொங்கிக்கொண்டிருந்தது. கடல் காற்று உப்பாக அடித்தது; துரு பிடிக்குமே என்றுதான் முதலில் தோன்றியது. ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார். தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தாள்.

பூசாரி என்னைப் பார்த்து, "மாமன் சட்டைய கழட்டிட்டு உக்காரலாம்" என்றார்.

எங்கள் அம்மன் முன்னால் ஆண்பிள்ளைகள் சட்டை, பனியன் எதுவும் இல்லாமல் துண்டைக் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். எனக்குக் காது குத்தியது அங்கேதான். வருஷா வருஷம் அங்கே சட்டையைக் கழற்றியவன் நான். துணிக்குள் எப்படி மறைப்பது என்று இத்தனை நாள் யோசித்த மண்டைக்கு, துணியே இருக்காது என்பது ஒரு தரம்கூட எட்டவில்லை.

"வேர்க்குரு" என்றேன். "மேலெல்லாம் வேர்க்குரு. சட்டையோட உக்காந்துக்கறேன்."

சித்தப்பா மகன் கோயில் தூண் பக்கத்தில் நின்றிருந்தான். வெற்று மார்பு. நெஞ்சில் ஆபரேஷன் தழும்பு நேராக ஓடியது. அவனுக்கு அப்படி ஒன்று நடந்தது எனக்கு அதுவரை தெரியவே தெரியாது. மெலிந்து போயிருந்தான்.

"வேர்க்குருவுக்கு காத்து தான் அண்ணாத்த நல்லது" என்றான். "கழட்டு. உள்ள இன்னா, இன்னொரு சாமிய வெச்சினு கீறியா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். தங்கை சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், பிறகு இடது கக்கத்தைப் பார்த்தாள். கையை நான் உடம்போடு ஒட்டி வைத்திருந்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. காரில் வைத்துவிட்டு வரலாம். வண்டியில் வைக்கக் கூடாது. யாரிடமாவது கொடுக்கலாம்; கொடுக்கக் கூடாது. மதுராந்தகம் போய்த் திரும்புவதற்குள் நல்ல நேரம் போய்விடும். நின்றேன்.

"புள்ளையோட தோட்ட குடு அண்ணா" என்றாள். கொடுத்தேன். வாங்கிக்கொண்டு திரும்பி, "சின்னண்ணா, நீ உக்காரு" என்றாள்.

காருக்குப் போய் உட்கார்ந்து ஏசியைப் போட்டேன். கண்ணாடி ஏற்றியிருந்தும் குழந்தை வீறிட்டது கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். இரண்டு காதும் முடிந்தது. என் தோடு, அவன் மடி.

தலையைக் குனிந்துகொண்டிருந்தபோது கண்ணாடியில் விரல் நுனி தட்டியது.

என் வலது கை தானாகச் சட்டைக்குள் போய்விட்டது. நிமிர்ந்தேன். சித்தப்பா மகன். அதே வெற்று உடம்பு. அவன் கையில் மந்தார இலையில் பொங்கல், ஆவி பறக்க. வேறு எதையும் மறைத்து வைக்க அவன் மேல் இடமே இல்லை. என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தான். நகரவில்லை.

"எறக்கு அண்ணாத்த. சுடுது. தங்கச்சி மொத இலை உனுக்குதான்னு குடுத்துச்சி."

இடது கையால் கண்ணாடியை இறக்கினேன். இலையை நீட்டினான். இடது கையை நீட்டப் போனேன்.

"சாமி பொங்கலு. அந்தக் கைலயா வாங்குவ?"

வலது கை உள்ளேயே இருந்தது. வேர்வையில் பிடி வழுக்கியது. பைக்கில் வந்தவர்களை அனுப்பியது அவன்தானா என்று அப்போது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்றுவரை தெரியாது. கோர்ட்டில் வழக்கும் அப்படியே நடக்கிறது. அவன் விரல்கள் இலைச் சூட்டில் துடித்துக்கொண்டிருந்தன. தழும்பின் மேல் வேர்வை இறங்கிக்கொண்டிருந்தது.

கையை வெளியே எடுத்தேன். வாங்கினேன்.