புளித் தண்ணீரில் போட்ட தோட்டாக்கள்

சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாவின் வாய் அழுகிய முட்டைபோல நாறும். அந்த நாற்றம் நகக்கண்ணில் ஏறிவிட்டால் சோறு பிசையும்போதும் விடாது. ஆகவே தோட்டாக்களைத் துலக்கி முடித்ததும் அம்மா என் கைகளைக் கடலைமாவு போட்டுத் தேய்த்து, முகர்ந்து பார்த்து, "இன்னும் போகல" என்று சொல்லி மறுபடியும் தேய்ப்பார். சாமி விளக்கைத் துலக்கும் அதே புளியால்தான் தோட்டாக்களையும் துலக்கினோம். வாளி மட்டும் வேறு. தோட்டா வாளி கிணற்றடியைத் தாண்டி வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

சிங்கப்பூரின் செம்பவாங்கில், இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கும் இடத்தில், ரம்புத்தானும் டுரியானும் காய்த்த ஒரு பழத்தோட்டம் இருந்தது. அப்பா அதன் காவல்காரர். எங்கள் தகர வீடு அதன் நடுவில். தோட்டத்துக்குச் சொந்தக்காரர் தேக்காவில் மளிகைக் கடை வைத்திருந்த நாகூர்க்காரர், எங்களுக்கு "முதலாளி". பழம் சிவக்கத் தொடங்கியதும் அந்தி நேரத்தில் பெரிய வௌவால்கள் கூட்டமாக வந்து இறங்கும், அவற்றை விரட்ட முதலாளி உரிமம் எடுத்து அப்பாவிடம் ஒப்படைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருந்தது. இரும்புப் பட்டையை முறுக்கி, காய்ச்சி அடித்துச் செய்த பழங்காலக் குழல்கள். வெயிலில் திருப்பினால் பாம்புத் தோல்போல வரிகள் தெரியும். அவை தாங்குவது கருமருந்து என்னும் பழைய வெடிமருந்தை மட்டுமே. புதுத் துப்பாக்கிகளுக்கான புகையில்லா மருந்தை அதே கரண்டியால் அளந்து போட்டுச் சுட்டால், குழல் சுடுகிறவரின் முகத்துக்கு முன்னாலேயே பிளந்துகொள்ளும். பிடித்திருக்கும் கையும் போகும், கண்ணும் போகும். பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்ப்பாடு படிப்பதற்கு முன்பே எனக்கு இது தெரியும்.

கடைத் தோட்டா விலை அதிகம் என்பதால் அப்பா பித்தளைத் தோட்டாக்களையே திரும்பத் திரும்ப நிரப்பினார். அடியில் தீப்பொறி தரும் புது "கேப்பு" அழுத்தி, கொம்புக் கரண்டியால் "மருந்து" அளந்து கொட்டி, அட்டை வட்டம் ஒன்றை மரக்கோலால் இறுக்கி, மேலே ஈய "ரவை" போட்டு, இன்னொரு வட்டத்தால் மூடுவார். மூடியின் விளிம்பில் மெழுகு ஊற்றுவது கடைசி வேலை. அட்டை வட்டம் வெட்டுவது என் பொறுப்பு. பழைய காலண்டர்களை நான் வெட்டித் தள்ளியதில் பல சாமிகளின் முகங்கள் துப்பாக்கிக்குள் போயிருக்கின்றன.

கடற்படைத் தளத்திலிருந்து ஊர் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், அப்பா வேட்டைப் பிரியர் என்று நினைத்துக்கொண்டு, ஒரு டின் மருந்தை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனார். அது புகையில்லா மருந்து. வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு வாங்கிவந்த அப்பா, "இது நம்ம துப்பாக்கிக்கு ஆகாது, யாரும் தொடாதீங்க" என்று சொல்லி அதைக் கருமருந்து டின்னுக்குப் பக்கத்திலேயே பரணில் வைத்தார். பேர் ஒட்டிய டின்தானே என்று நினைத்திருப்பார்.

அந்த ஆண்டு ஆயுத பூசைக்கு அம்மா வீட்டைத் தலைகீழாகத் துடைத்தார். மண்வெட்டி, கத்தி, அரிவாள், அப்பாவின் சைக்கிள், துப்பாக்கி எல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு சாமிக்கு முன்னால் வரிசையாகின. துருப்பிடித்து நாள்பட்ட டின்களில் மருந்தைச் சாமிக்கு முன் வைக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. இரண்டு மைலோ டின்களைக் கழுவி, காகிதத்தை ஊறவைத்துச் சுரண்டி, வெயிலில் காயவைத்து, ஒன்றில் கருமருந்தையும் மற்றதில் வெள்ளைக்காரர் மருந்தையும் மாற்றி, இரண்டுக்கும் ஒரே மாதிரி சந்தனமும் குங்குமமும் வைத்தார். இடது பக்கம் நம்முடையது, வலது பக்கம் அவருடையது என்று மனத்தில் குறித்துக்கொண்டார். மறுநாள் வழக்கப்படி கருவிகளைச் சாமியிடமிருந்து எடுத்து உள்ளே வைத்தவர் அப்பா. இடமும் வலமும் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மரங்கள் சிவந்தன. முதலாளி ஒரு சனிக்கிழமை அந்திக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார். அன்று மதியம் மழை இருட்டில், ஜன்னலோரம் உட்கார்ந்து அப்பா தோட்டா நிரப்பினார். ஒரு டின் காலியானதும் அடுத்ததைத் திறந்தார். மெழுகு உருக்க நெருப்புக் கேட்டபோதுதான் அம்மா அடுப்படியிலிருந்து வந்து மேசையைப் பார்த்தார்.

"என்னங்க, ரெண்டு டின்னும் தொறந்திருக்கு?"

"ஒண்ணு தீந்துடுச்சு."

"அதுல ஒண்ணு வெள்ளக்காரன் குடுத்தது."

அப்பா காலி டின்னைத் தட்டி ஒட்டியிருந்த தூளையும், மற்றதிலிருந்து ஒரு சிட்டிகையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்த் தனித்தனியாகப் பற்றவைத்தார். முதல் சிட்டிகை "புஸ்" என்று வெள்ளைப் புகையாக எழும்பி முட்டை நாற்றம் விட்டது. இரண்டாவது மஞ்சளாக, அமைதியாக, புகையே இல்லாமல் எரிந்தது.

"அப்ப மொதல்ல போட்டதெல்லாம் நல்லதுதான், ராஜம். கடைசி ரெண்டு மூணுதான் சந்தேகம். அத எடுத்துட்டா சரி."

"கடைசி எது?"

அப்பா மேசையைப் பார்த்தார். மெழுகு ஊற்றத் தோதாக எல்லாத் தோட்டாக்களையும் அவர் ஒன்றாகக் கூட்டி நிறுத்தியிருந்தார்.

"எடை வச்சுப் பாத்துச் சொல்லிடுவேன். இந்தப் பக்கம் இருக்கறது மொத போட்டது, எனக்குத் தெரியாதா? முதலாளி வர்றாரு. பழத்த விட்டா நாளைக்கு என்னா பேசுவாரு?"

"கண்ணு போனா முதலாளி குடுப்பாரா?"

அம்மா தோட்டாக்கள் அனைத்தையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு மழையில் கிணற்றடிக்கு நடந்து, புளித் தண்ணீர் வாளியில் போட்டு, ஒன்றுகூட மேலே மிதக்காதபடி கையால் அழுத்தினார். அப்பா பின்னாலேயே போனவர் பாதியில் நின்றுவிட்டார். திரும்பி வந்த அம்மா என்னிடம், "பாப்பா, பின்னால மண்ணெண்ணெய் டின்னு கெடக்கு, எடுத்துட்டு வா" என்றார்.

மழை விட்டு முதலாளி வந்தபோது நாங்கள் மூவரும் மூன்று மரங்களின் கீழே நின்று தகரத்தை அடித்துக்கொண்டிருந்தோம். தலைக்கு மேலே வௌவால்கள் சுற்றின, இறங்கத் தயங்கின, மறுபடி சுற்றின.

"என்னா தம்பி, கல்யாணக் கொட்டா? துப்பாக்கி எங்க?"

அப்பா வாயைத் திறக்குமுன் அம்மா சொன்னார்: "தோட்டா நனைஞ்சுடுச்சுண்ணே. நான்தான் தண்ணில போட்டேன்."

"என்னத்துக்கு தங்கச்சி?"

"சுட்டா இவருக்குக் கண்ணு போயிருக்கும்."

முதலாளி அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், சட்டைக் கையை மடித்தார். "புள்ளைக்குக் கை வலிக்கும்லா, இங்க குடு" என்று என் டின்னை வாங்கி, நன்றாக இருட்டி வௌவால்கள் கலையும்வரை அடித்தார். பழம் கொஞ்சம் போனது. கொஞ்சம்தான்.

மறுநாள் காலை அப்பா கிணற்றடியில் உட்கார்ந்து, கொக்கியால் அட்டை வட்டங்களைப் பிடுங்கி, தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். தண்ணீரில் கரைந்த கருமருந்து மைக்குழம்பாக வழிந்தது. அவர் உறுதியாகக் காட்டிய "இந்தப் பக்கத்து" தோட்டாக்களில் ஒன்றைக் கவிழ்த்தபோது குழம்பு வரவில்லை. ஈய ரவைகளுக்குப் பின்னால் கரையாத மணிகள், இரவெல்லாம் ஊறியும் கடுகுபோல விறைப்பாக, அவர் உள்ளங்கையில் விழுந்தன. அம்மாவைக் கூப்பிட்டு அவற்றைக் காட்டினார். அம்மா எட்டிப் பார்த்து, "கையக் கழுவிட்டு வாங்க, தோசை ஆறுது" என்றார்.

பிறகு நிலம் அரசாங்கத்துக்குப் போனது, துப்பாக்கி காவல் நிலையத்துக்குப் போனது. அந்தப் பெரிய வௌவால்கள் இந்தத் தீவில் இப்போது அநேகமாகக் கண்ணில் படுவதில்லை. நான் எழுதி, செய்தித்தாளில் என் பெயரோடு வந்த முதல் செய்தியை அப்பா இரண்டு கண்களாலும் படித்தார், ஒரு எழுத்துப் பிழையையும் காட்டினார். அவர் போய் ஆண்டுகள் ஆகின்றன.

அம்மா என்னோடு செங்காங்கில், லிஃப்ட் வைத்த கட்டடத்தில் இருக்கிறார். சென்ற ஆயுத பூசைக்குத் தேக்காவிலிருந்து பூவும் பொரியும் வாங்கிவந்து, மடிக்கணினி, சோற்றுக் குக்கர், கார்ச் சாவி என்று வரிசை வைத்தேன். அம்மாவின் ரத்தக்கொதிப்பு மாத்திரை பாட்டிலும் அங்கே இருந்தது. அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன். நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து வந்த அம்மா, பாட்டிலை எடுத்து, காகிதத்தின் மேலிருந்த சந்தனத்தைப் புடவைத் தலைப்பால் சுத்தமாகத் துடைத்து, ஆங்கில எழுத்துகள் தெரிகின்றனவா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது.

"பேரு மேல வைக்காத" என்று சொல்லி, பொட்டை மூடியில் வைத்தார்.