மாரமங்கலம் பக்கம் ஒரு பள்ளி நூலகமும் நான் ஒட்டிய மூன்று வண்ணங்களும்

எதை எழுதினாலும் முதலில் வரிசை போட்டுக்கொள்வது என் பழக்கம். கீழே உள்ளது பயணத்துக்கு முந்தைய நாள் போட்டது. திரும்பி வந்த பிறகும் அதை மாற்றாமல் விட்டிருக்கிறேன்.

1. சேலத்திலிருந்து மலைப் பள்ளிக்குப் போய்ச் சேர்வது
2. எதைக் கொண்டுபோகலாம், எது வேண்டாம்
3. மலை ஈரத்திலிருந்து புத்தகங்களைக் காப்பது
4. புத்தகங்களை வகுப்புவாரியாகப் பிரித்து வண்ணம் ஒட்டுவதன் அவசியம்
5. பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஏன் நூலகத்துக்கு வருவதில்லை

இந்த வலைப்பதிவுக்குப் புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சேலத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே மாணவியாக இருந்த ஜெசிந்தா இப்போது மாரமங்கலத்தைத் தாண்டி ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. (பள்ளியின் பெயரை எழுதவில்லை. இங்கே வரும் பெயர்கள் எல்லாம் மாற்றியவை.) போன வருடம் அவர் கேட்டதால் நண்பர்களிடம் திரட்டி முந்நூறு புத்தகங்கள் அனுப்பினேன். ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்து, மூன்றாம் வகுப்பு வரைக்கும் மஞ்சள், நான்கு ஐந்துக்குப் பச்சை, ஆறு முதல் எட்டு வரை நீலம் என்று அட்டையின் மேல் மூலையில் ஸ்டிக்கர் ஒட்டினேன். உரிந்துவிடக் கூடாதே என்று அதன் மேல் கண்ணாடி டேப்பும் ஒட்டினேன். அந்த முறையை விளக்கி இங்கே ஒரு பதிவும் போட்டேன். இரண்டு பள்ளிகளில் அப்படியே செய்ததாக எழுதியிருந்தார்கள். அதைப் படித்து எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைப்பானேன்.

பொங்கல் கழிந்த வாரம் ஜெசிந்தா போன் செய்தார். “சார், சின்னதுங்க எல்லாம் ஓடி வருதுங்க. ஏழாவது எட்டாவதுலதான் அநேகமா ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டேங்கறாங்க. ஒரு நாள் வந்து பாருங்களேன்.” நான் போய் என்ன கண்டுபிடித்துவிடப் போகிறேன் என்று இரண்டு நாள் தயங்கினேன். பெரிய பிள்ளைகள் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயமும் உண்டு. பிறகு, வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றேன்.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் காலை ஆறேகால் பஸ். ஏற்காடு முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பக்கம் உட்காருங்கள். வெறும் வயிற்றிலும் வேண்டாம், நிறைய சாப்பிட்டும் வேண்டாம். என் காலடியில் கித்தான் பை. நடத்துநர் அதைக் காலால் நகர்த்தப் பார்த்தார், நகரவில்லை.

“இதுக்குள்ள என்னங்கய்யா, கல்லா?”

“புத்தகமுங்க.”

“சரி, அது வாந்தி எடுக்காது. இருக்கட்டும்.”

ஏற்காட்டில் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு மாரமங்கலம் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். இந்தப் பஸ் நேரங்களை முந்தைய நாளே அந்த ஊர்க்காரர் யாரிடமாவது கேட்டுவிடுங்கள். ஒன்றை விட்டால் அரை நாள் போய்விடும். இரண்டு டிக்கெட்டும் சேர்ந்து ஒரு வழிக்கு அறுபது ரூபாய்க்குள் முடிந்தது. காப்பிப் பழம் பறிப்பு முடிகிற சமயம். பஸ் நிறையக் கூடையும் சாக்குமாக எஸ்டேட்டுக்குப் போகும் பெண்கள். இறங்கும் இடம் தப்பிவிடுமோ என்று நான் மூன்றாவது முறை கேட்டபோது இந்த நடத்துநர் சொன்னார்: “ஏனுங்க, உங்களை எறக்காம ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நான் என்னங்க பண்ணப் போறேன்?” சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். அதற்கப்புறம் அவர்களில் ஒருவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் “இது இல்லீங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தார். நல்ல உதவி.

நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கு மிளகுக் கொடி ஏறிய சவுக்கு மரங்களுக்கு நடுவே ஒரு கிலோமீட்டர் ஏற்றம். (சவுக்கு என்றால் இங்கே சில்வர் ஓக். நான் கடற்கரைச் சவுக்கைத் தேடிக்கொண்டு போனேன்.) பாரத்தோடு ஏறியதில் என் வரிசையின் இரண்டாவது விஷயம் எனக்கு நன்றாகவே விளங்கிவிட்டது. பத்து கிலோவுக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். பழைய கைடுகள், உங்கள் வீட்டுப் பரணைக் காலி செய்யும் வாரப் பத்திரிகைகள் வேண்டாம். படம் நிறைய உள்ளவை, விலங்குகள், வண்டிகள், பேய்க்கதைகள் போதும்.

நூலகம் என்பது ஆறாம் வகுப்பறையின் பின்பாதி. இரண்டு இரும்பு பீரோ, ஒரு மேசை, இரண்டு பாய். மெலிந்த புத்தகங்களைக் கயிற்றில் கவிழ்த்துத் தொங்கவிட்டிருந்தார்கள். பீரோவின் முதுகு வெளிச்சுவரை ஒட்டி இருந்ததால் அடித்தட்டுப் புத்தகங்கள் நமத்துப் போயிருந்தன. ஒரு சாண் தள்ளி வைத்தோம். மூடுபனி மாதங்களில் பீரோவைப் பூட்டியே வைக்காமல் உச்சி வெயில் நேரத்தில் ஒரு மணி நேரம் திறந்து போடச் சொன்னேன். அட்டைப்பெட்டி மட்டும் கூடவே கூடாது, ஈரத்தை அதுவே உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் புத்தகம் மாற்றும் நேரம். ஜெசிந்தா சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார், மேசையில் நான் உட்கார்ந்தேன். சின்னப் பிள்ளைகள் பாய் கொள்ளாமல் வந்தார்கள். மஞ்சள் எடுத்து நீட்டினார்கள், பெயர் எழுதினேன். எல்லாம் நான் போட்ட திட்டப்படி நடந்தது.

அப்போது வரிசையில் உயரமாக ஒரு பெண். எட்டாம் வகுப்பு. சுகந்தி என்று வைத்துக்கொள்வோம். கையில் மழையில் தொலைந்த ஆட்டுக்குட்டியைப் பற்றிய ஒரு படப் புத்தகம், பக்கத்துக்கு இரண்டு வரி.

“இது மஞ்சள் ஆச்சே கண்ணு. உனக்கு நீலம் அல்லவா?” என்றேன்.

“தம்பிக்குங்க.”

“தம்பி எத்தனாவது?”

“ரெண்டாவதுங்க.”

“அப்படியானால் அவனையே வரச் சொல்லு சாமி. அவன் பெயரில்தான் எழுத வேண்டும்.”

எனக்குச் சரியாகத்தான் பட்டது. கல்லூரியிலும் ஒருவர் அட்டையில் இன்னொருவருக்குத் தர மாட்டேன். பின்னாலிருந்து அவள் வகுப்புப் பையன் ஒருவன், முரளி, ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு சொன்னான்: “ஏனுங்க தாத்தா, அவளுக்குத் தம்பி ஏதுங்க? அவ ஊட்டுல ஒரு கோழிதான் இருக்குது. அதுக்குத்தான் படிச்சுக் காட்டுவா.”

ஜன்னல் முழுக்கச் சிரிப்பு. சுகந்தி புத்தகத்தை மேசையில் வைத்தாள். கோபமாக வைக்கவில்லை, மூலை மடங்காமல் வைத்தாள். பிறகு போய்விட்டாள்.

ஜெசிந்தா வந்ததும் சொன்னேன். 

“எனக்குத் தெரியுமுங்க சார், தம்பி இல்லைன்னு. போன மாசத்துல இருந்து தம்பி பேரைச் சொல்லித்தான் எடுத்துட்டு இருந்தா. நான் கேக்கல.”

சுகந்தியின் பெற்றோர் எஸ்டேட் மாறி எஸ்டேட் போனதில் அவளுக்கு நடுவே படிப்பு விட்டுப்போயிருக்கிறது. இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். வருகிற ஜூனில் ஒன்பதாவது, ஏற்காட்டுக்குப் போக வேண்டும். இப்படிப் படித்தால் அங்கே என்ன பண்ணுவாள், என்னோடு பழம் பறிக்க வரட்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆட்டுக்குட்டிப் புத்தகத்தை அவள் எடுப்பது இது இரண்டாவது தடவையாம்.

“மத்த பெரியவங்களும் பாதிப் பேரு அப்படித்தாங்க சார். நீலம் படிக்க வராது. மஞ்சளைக் கையில எடுத்தா எல்லாரும் பாப்பாங்க. அதனால இந்தப் பக்கமே வர்றதில்ல.”

“இதை நீங்கள் போனிலேயே சொல்லியிருக்கலாமே?”

“எப்படிங்க சார் சொல்றது? ஒவ்வொண்ணா படிச்சு, டேப்பு எல்லாம் போட்டு அனுப்பி வெச்சீங்க. நீங்களே வந்து பாத்தா தெரிஞ்சுக்குவீங்கன்னுதான் கூப்பிட்டேன்.”

 அந்தப் பெண்ணைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் எட்டாம் வகுப்பு முழுக்கப் பார்க்க ஒரு கிழவன் போய் நின்றால் அவளுக்கு அது இன்னொரு கேலி. அவள் இனி இந்தப் பக்கம் வராவிட்டால் யார் கொண்டுவருவது?  எனக்குத் தோன்றியது ஒன்றுதான். மேசையில் கிடந்த ஆட்டுக்குட்டியின் மூலையை நகத்தால் சுரண்டினேன். டேப் நல்ல தரமானது. அசையவில்லை.

ஜெசிந்தா சத்துணவுக் கூடத்திலிருந்து கிண்ணத்தில் எண்ணெயும் பழைய துணியும் வாங்கி வந்தார். தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் வருகிறது. இரண்டு பேர் முந்நூறு புத்தகத்துக்கு எங்கே போவது? “பெரிய பிள்ளைங்களைக் கூப்பிடறேனுங்க,” என்றார். கடைசி இரண்டு பீரியட், ஏழும் எட்டும் பாயில் வந்து உட்கார்ந்தார்கள். நூலகம் ஆன பிறகு அந்தப் பாதி வகுப்பறைக்குள் அவர்களில் பலர் வந்தது அன்றுதான் முதல் தடவை என்றார் ஜெசிந்தா.

சுகந்தி வாசலில் நின்றாள். “உள்ள வா சுகந்தி, துணி பிடிக்க ஆள் பத்தல,” என்றார் டீச்சர், சாதாரணமாக. வந்தாள். எனக்கு எதிர்ப்பக்கம், எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்தாள்.

அப்புறம் நடந்ததுதான் நான் இந்தப் பதிவை எழுதக் காரணம். எண்ணெய் ஊற வேண்டும், காத்திருக்க வேண்டும், கையில் புத்தகம் இருக்கிறது. பிள்ளைகள் புரட்டினார்கள். மஞ்சளோ நீலமோ, எல்லோர் மடியிலும் எல்லாம் கிடந்தது. முரளி ஒரு முதலைப் புத்தகத்தை விரல் வைத்து, உதடு அசைய, வாசித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் எழுத்துக்கூட்டித்தான் வரும்போல. சுற்றி மற்றவர்கள் ஆளுக்கு நான்கைந்து உரித்து முடித்திருந்தார்கள், அவன் கையில் இன்னும் முதல் புத்தகம். சுகந்தி கையிலும் அப்படியே. யாரும் கேலி செய்யவில்லை. 

மணி அடிக்கும் நேரத்தில் நூற்று எழுபதுக்கு மேல் உரித்திருந்தோம். சுகந்தி ஆட்டுக்குட்டிப் புத்தகத்தோடு மேசைக்கு வந்தாள்.

“இது என்ன கலருங்க?”

“கலரே இல்லை கண்ணு.”

“அப்ப யாரு வேணா எடுக்கலாமுங்களா?”

“எடுக்கலாம்.”

“எத்தனைங்க?”

இதற்கு நான் விதி எதுவும் யோசித்து வைக்கவில்லை. இரண்டு என்று சொல்லிவிட்டேன். அவள் போய்த் தடிமனான ஒரு விஞ்ஞானப் புத்தகத்தை எடுத்து, ஆட்டுக்குட்டியின் மேல் வைத்துக் கொண்டுவந்தாள்.

“கோழிக்கு ரெண்டு புக்கா?” என்றான் முரளி.

“உன்னை விட அது வெரசா படிக்கும், போடா.”

அவனும் சிரித்துவிட்டு, முதலையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வரிசையில் நின்றான்.

மாலை நாலரை பஸ்ஸில் மலையிறங்கினேன். கையெல்லாம் எண்ணெய் வாசம். இரண்டு வாரம் கழித்து ஜெசிந்தா பேசினார். மீதி ஸ்டிக்கரையும் பிள்ளைகளே உரித்துவிட்டார்கள். பெரிய வகுப்பிலிருந்து ஆறேழு பேர் வருகிறார்கள். எல்லோரும் இல்லை. சுகந்தி மூன்று முறை மாற்றியிருக்கிறாள்; மேலே ஒரு தடிப் புத்தகம், கீழே ஒரு மெலிந்த புத்தகம். வீட்டில் அவள் சத்தமாகப் படிப்பதைக் கேட்டுவிட்டு, “ஜூன் வரைக்கும் பாக்கலாமுங்க டீச்சர்,” என்றிருக்கிறார் அம்மா. இதை வெற்றி என்று சொல்ல எனக்குத் துணிவு இல்லை. ஆனால் ஜூன் வரை நேரம் கிடைத்திருக்கிறது.

போகிறவர்களுக்கு என் ஆலோசனை இவ்வளவுதான். தலைமை ஆசிரியரிடம் முன்பே அனுமதி கேளுங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். ஒரு நாளாவது மேசையில் உட்காராமல் பாயில் உட்காருங்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு புத்தகம் தரச் சொல்லுங்கள்: கையில் காட்டிக்கொண்டு போக ஒன்று, படிக்க ஒன்று. யாருக்கு என்று கேட்க வேண்டாம். முந்தைய பதிவைப் பார்த்து வண்ணம் ஒட்டியவர்கள் தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் ஊறவிட்டு, உரித்துத் துணியால் துடைத்தால் போதும், அட்டை கெடாது.

மேலே போட்ட வரிசையில் ஐந்தாவது கேள்விக்கு நான் கண்ட பதில், நான்காவதாக நான் எழுதி வைத்ததுதான். நான்காவது தவறு.