பத்து நிமிடம் சூடாக்கச் சொன்ன லோகா அக்கா

ஆவடியில் ரயிலேறி, யாருடைய பையோ விலாவில் இடிக்க நின்றுகொண்டிருந்தபோது, நம் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக் குழுவில் தாமோதரனின் குரல் பதிவு வந்தது. புது ஸ்பீக்கர் வாங்கிய பெருமையாக இருக்கும் என்று காதில் வைத்தேன். "மச்சான், லோகா அக்கா பூட்டாங்க. காலையில மாரடைப்பு." அம்பத்தூரில் இறங்க வேண்டியவன் வில்லிவாக்கத்தில்தான் இறங்கினேன்.

லோகநாயகி அக்காவை வேலை இடத்தில் அறியாதவர்களுக்காக ஒரு வரி. நசரத்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மின்னணு போர்டுகளைச் சோதித்து அனுப்புவது அவர் வேலை. அதே கம்பெனியில் ஸ்டோர்ஸில் நான். "அவசரமா அனுப்பற போர்டு திரும்பி வந்து நம்ம மேசையிலியே குந்திக்கும், நைனா" என்பார். நான் அவசரக்காரன் என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.

எனக்கு டி.ஏ.சி. பித்துப் பிடித்த கதையை நீங்கள் அறிவீர்கள். கம்ப்யூட்டரில் வெறும் எண்களாகக் கிடக்கும் பாட்டை, ஆம்ப்ளிஃபயருக்குப் புரியும் ஒலியாக மாற்றித் தரும் சின்னப் பெட்டி அது. வாங்கப் போனபோது அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் தங்க முலாம் பூசிய யு.எஸ்.பி. வயர் ஒன்றை எடுத்து நீட்டினார். அக்கா அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னாத்துக்கு? பூஜ்ஜியமும் ஒண்ணும்தானே போவுது. தங்கத்துல போனா ஒண்ணு ரெண்டாயிடுமா?"

பெட்டியை நானே மாட்டினேன். அக்கா வருகிறேன் என்றார். எனக்கு எதற்கு உதவி? மாட்டியதும் சத்தமே வரவில்லை. லேப்டாப்பில் கண்டதையும் தட்டினேன். 'ஹெட்போன்' என்று ஒன்றைத் தட்டியதும் பாட்டு கொட்டியது. வெற்றி! அடுத்த இருபது நாள் குழுவில் தினம் ஒரு கட்டுரை எழுதினேன். பாடகரின் மூச்சில் ஏலக்காய் மணக்கிறது என்றுகூட எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன், ஆனால் தாமோதரன் அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறான்.

இருபதாம் நாள் ஞாயிறு, எல்லோரும் என் வீட்டுக்கு வந்தீர்கள். பாட்டைப் போட்டேன். தாமோதரன் கண்ணை மூடிக்கொண்டு, "வேற லெவல் மச்சான்! மேகத்துல மெதக்கற மாதிரி கீது" என்றான். அக்கா மட்டும் பெட்டியின் விளக்கையே பார்த்தார். பாட்டு ஓடினால் பச்சையாக வேண்டிய விளக்கு, சிவப்பாக இருந்தது. எழுந்து, ஆம்ப்ளிஃபயரின் முதுகில் வயர்களை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பாட்டை நிறுத்தினார்.

"பொட்டி இன்னும் சூடாவல. பத்து நிமிசம் ஆவும். எல்லாரும் மாடிக்குப் போய் டீ குடிங்க."

நீங்கள் போனதும் என் பக்கம் திரும்பினார். "நைனா, இருபது நாளா நீ கேட்டது லேப்டாப்போட சொந்த சத்தம். பழைய ஹெட்போன் வயரு அப்டியே கீது. ஆம்ப்ளிஃபயரும் அதைத்தான் கேட்டுகினு கீது. பொட்டி சும்மா தூங்குது."

குழுவில் எழுதியதை எண்ணிப் பார்த்தேன். இருபது கட்டுரை! "அக்கா, இது வெளிய தெரிஞ்சா நான் இந்தக் குழுவுல தலைகாட்ட முடியாது."

"அதான் டீக்கு அனுப்பிக்கீறேன்ல? வாயை மூடிகினு அந்த வயரை உருவு."

உருவினேன். ஆம்ப்ளிஃபயர் எதைக் கேட்க வேண்டும் என்று மாற்றும் குமிழைப் பெட்டியின் பக்கம் திருப்பினார். லேப்டாப்பில் பெட்டியின் பெயரைத் தேர்ந்தெடுத்தார். விளக்கு பச்சையானது. பாட்டு தொடங்கியது.

ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! சமையலறை ஃபிரிட்ஜ் என்று நான் நினைத்திருந்த 'கொர்' சத்தம் காணாமல் போயிருந்தது. அத்தனை நாளும் இரைந்தது லேப்டாப்புதான். அந்த நிசப்தத்தில் தபலாவின் மேல் விரல் இழுபடுவது கேட்டது. பாடகர் மூச்சை இழுப்பது கேட்டது. வயலின்காரர்களுக்கு நடுவே யாரோ இருமினார். நான் நாற்காலியிலிருந்து துள்ளினேன்.

"அக்கா, எவனோ இருமறான்!"

"நாப்பது வருசமா இருமிகினு கீறான். உனுக்கு இன்னிக்குத்தான் கேக்குது."

நீங்கள் இறங்கி வந்து கேட்டீர்கள். தாமோதரன் தொடையில் தட்டினான். "பாத்தியா, சூடானதும் எப்டி கீது!" பிறகு நீங்களும் ஆளுக்கொரு பெட்டி வாங்கினீர்கள். அன்றிலிருந்து நம் நால்வர் வீட்டிலும் அதைப் பத்து நிமிடம் சூடாக்கிவிட்டுத்தான் பாட்டு. யாராவது காரணம் கேட்டால் அக்கா முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், "நைனாவைக் கேளு, அவருக்குத்தான் தெரியும்" என்பார். நான் வெப்பம், மின்னோட்டம் என்று ஏதேதோ உளறுவேன். அவர் மும்முரமாக முறுக்கு கடிப்பார். கடைசிவரை மூச்சு விடவில்லை.

போன ஞாயிறு அவர் இல்லாமல் கூடினோம். தாமோதரன் பெட்டியைப் போட்டுவிட்டு மணியைப் பார்த்தான். "பத்து நிமிசம். அக்கா சொல்லிக்கீறாங்க." நான்கு பேரும் போனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது நிமிடத்தில் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். தாமோதரனின் கண் கலங்கியிருந்தது. மூடிக்கொண்டேன்.

ஆகவே இங்கே ஒப்புக்கொள்கிறேன். பெட்டிக்குச் சூடு தேவையில்லை நண்பர்களே. வாழ்நாள் முழுக்கத் தப்பைக் கண்டுபிடித்துப் போர்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய மனுஷி, ஒரு முட்டாளின் மானத்துக்காக ஒரேயொரு பொய் சொன்னார். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள். ஏலக்காய்ப் படத்தையும் தாராளமாகப் பரப்புங்கள்.

அவரைப் போல வயரைத் தடவிப் பார்த்தே கோளாறு சொல்ல எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. ஆனால் எவனாவது தப்பான துளையில் வயரைச் சொருகிவிட்டுப் பெருமையடித்துக்கொண்டிருந்தால், மற்றவர்களை முதலில் டீக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். என்னிடம் மிச்சமிருக்கும் லோகா அக்கா அவ்வளவுதான்.