வீட்டை வித்துட்டு அதுலயே குடியிருக்கிற மனுஷன்

“என்னைத் தூக்கி உட்கார வைக்க இந்த ஊர்ல ஒரு நாதி இல்ல!”

காலைல கண்ணு முழிச்சதும் கதால்தோ மாமா வாயில வர்ற முதல் பேச்சு இதுதான். சாமி பேரு கூட அதுக்கு அப்புறம்தான். அதுவும் உள்ளறையில முனகினா யாருக்குக் கேக்கும்? பால்கனிக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லி, தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துவாரு. கீழ ரொட்டிக்கடைக்கு வர்ற சனம் அண்ணாந்து பாத்து உச்சுக் கொட்டும். அப்புறம் என்னைப் பாக்கும். நான் ஒரு கையில அவரோட துவைச்ச துணி, இன்னொரு கையில அவருக்கு மொச்சை மசியல்னு மாடிப்படி ஏறிட்டிருப்பேன். அந்த ‘நாதி’ நான்தான்.

மாமான்னா என் வீட்டுக்காரர் தொனாத்தோவுக்குச் சித்தப்பா. கல்யாணம் பண்ணிக்காத மனுஷன். ஊருக்கு வெளிய ஆலிவ் தோப்புக்கு நடுவுல இருக்கிற கல்யாண மண்டபத்துல ஆயுசு பூரா தலைமை சர்வர். கறுப்பு கோட்டு, கழுத்துல வண்ணத்துப்பூச்சி டை, முதுகு வளையாத நடை. இத்தாலிக்குத் தெக்கால, பாரி பட்டணத்துப் பக்கத்துல எங்க கல்யாண விருந்துன்னா மதியம் உட்கார்ந்தா பொழுது சாயற வரைக்கும் தட்டு வந்துக்கிட்டே இருக்கும். அத்தனையும் சிந்தாம சிதறாம ஓட்டினவரு. “இத்தனை கல்யாணம் பாத்தும் உங்களுக்கு ஆசை வரலையா மாமா?”ன்னு ஒரு தடவை கேட்டுட்டேன்.

“இத்தனை கல்யாணம் பாத்ததாலதான் வரல, மருமகளே.”

எண்பதைத் தாண்டினதும் கையில நடுக்கம் வந்துச்சு. அப்புறம் குளியலறையில விழுந்து இடுப்பெலும்பு போச்சு. ஆபரேஷன் பண்ணி அனுப்பினாங்க, ஆனா பழைய மனுஷன் திரும்பி வரல. எழுப்பி உட்கார வைக்கணும், குளிப்பாட்டணும், கால் கழுவி விடணும். கொஞ்ச நாள் நான் செஞ்சேன். என் இடுப்பும் சேர்ந்து போயிடும்போல இருந்துச்சு.

அதனால மனானா வந்தா. எங்க ஊர்ல கிழவன் கிழவி இருக்கிற வீட்டுல எல்லாம் ஜார்ஜியா நாட்டுலேர்ந்து பிழைக்க வந்தவ ஒருத்தி இருப்பா. எங்க பிள்ளைங்க பெத்தவங்களை விட்டுட்டு மிலானுக்கும் ஜெர்மனிக்கும் போறாங்க. அந்த ஊர்ல பெத்தவங்க பிள்ளைங்களை விட்டுட்டு இங்க வர்றாங்க. மனானாவுக்கு கதவு நிறைய உடம்பு, பேச்சுல பஞ்சம்.

“பெரியவரே, எந்திரிங்க.”

“முடியாது.”

“எந்திரிக்கிறீங்களான்னு கேக்கல. எந்திரிங்கன்னு சொன்னேன்.”

அவரு எந்திரிச்சுடுவாரு. என்கிட்ட ஒரு நாளாவது அப்படி எந்திரிச்சிருக்காரா?

ஆனா ஆளை வச்சுக்கிறது சும்மாவா? சம்பளம், அதுக்கு மேல அவ பேருல அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியது, சாப்பாடு. மாமாவோட பென்ஷன் பாதி வழியிலயே படுத்துடும். மீதிக்கு என்ன பண்றதுன்னு மிலான்ல இருக்கிற என் நாத்தனார் நுன்சியாவுக்கு போன் போட்டோம். அவ ஆபீசுல பெரிய உத்யோகம். அவ யோசனையும் அதே அளவுக்குப் பெருசு.

“அண்ணி, நீங்க வீட்டுல சும்மாதானே இருக்கீங்க?”

“ஆமாம்மா, சும்மாதான் இருக்கேன். நீயும் வந்து ரெண்டு நாள் என்கூட சும்மா இருந்து பாரு.”

அவளுக்கு டவர் போயிடுச்சு. இந்த மாதிரி பேச்சு வர்றப்போ எல்லாம் மிலான்ல டவர் போயிடும்.

கடைசில ரெண்டே வழிதான். எந்நேரமும் ஒரு துணை வேணும்னு அரசாங்க டாக்டருங்க வந்து பாத்து எழுதிக் குடுத்தா மாசாமாசம் ஒரு உதவித்தொகை வரும். வந்தா மனானா இருப்பா. வரலைன்னா நுன்சியா பாத்து வச்சிருக்கிற முதியோர் இல்லம். அந்தப் பேரை எடுத்தாலே மாமா முகம் செத்துடும். “அங்க வெளிச்சம் இருக்கிறப்பவே கட்டில்ல தள்ளிடுவாங்க. சூப்புல பாஸ்தாவை எண்ணிப் போடுவாங்க. என்னை என் வீட்டுலயே விட்டுடுங்கம்மா.” அதைச் சொல்றப்போ மட்டும் குரல் தெருவுக்குப் போகல. எனக்கே பாதிதான் கேட்டுச்சு.

டாக்டருங்க வர்ற தேதி வந்துச்சு. முந்தின நாளே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். “மாமா, நடிக்க வேண்டாம். எப்பவும் எப்படி இருக்கீங்களோ அப்படியே இருங்க. தாடி இருக்கட்டும். பைஜாமா இருக்கட்டும். எந்திரிக்காதீங்க. தினமும் பால்கனில கத்துறீங்களே, அதை அவங்க முன்னாடி ஒரு தடவை கத்துங்க, போதும்.”

“சரிம்மா, சரி”ன்னாரு. ஆம்பளைங்க சரின்னு ரெண்டு தடவை சொன்னா நம்பக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். இருந்தும் நம்பினேன்.

மறுநாள் போய்க் கதவைத் திறக்கிறேன், ஒரே வாசனைத் தைலம். சவரக்காரனை வீட்டுக்கே வரவழைச்சு முகத்தை வழிச்சு, மீசையை ஒதுக்கி, தலைக்கு எண்ணெய் பூசி, கறுப்பு கோட்டு போட்டு, அந்த டையைக் கட்டிக்கிட்டு, நாற்காலில மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்காரு. ஷூ பளபளங்குது.

“என்ன மாமா இது!”

“விருந்தாளி வர்றாங்க. என்னைப் பிச்சைக்காரன் மாதிரி உட்காரச் சொல்றியா?”

மனானா மூலையில கையைக் கட்டிக்கிட்டு நின்னா. “நான் சொன்னேன். கேக்கல. குண்டூசி குடுங்க, டையைக் குத்திடறேன்னு கேட்டாரு. குடுத்தேன். என்ன பண்ண?”

எங்க ஊரு வியாதி இது. வயித்துல ஒண்ணும் இல்லைன்னாலும் ஷூவுக்குப் பாலிஷ் போடாம வெளிய போக மாட்டாங்க. வீட்டுக்குள்ள அழுவாங்க, வாசல்ல ஒருத்தர் நின்னா “நல்லா இருக்கோம்”பாங்க.

ஒரு டாக்டரம்மா, ஒரு சின்ன வயசு டாக்டர், எழுதிக்க ஒரு ஆளுன்னு மூணு பேரு வந்தாங்க. அவங்க உட்கார்ந்ததுதான் தாமதம், மாமா எந்திரிச்சுட்டாரு. யாரும் தொடல. அவரே எந்திரிச்சாரு. விருந்தாளி உட்கார்ந்திருக்க இவரு உட்கார்ந்ததே கிடையாதே! டாக்டரம்மா கோட்டைக் கழட்டி வாங்கி மாட்டினாரு. அடுப்பங்கரைக்குப் போனாரு. போனவரு காப்பித்தட்டோட வர்றாரு! சூப்பு ஸ்பூனைப் பிடிச்சா சட்டை எல்லாம் சிந்துற கை, மூணு கப்பைத் தூக்கிக்கிட்டு வருது. ஒரு சொட்டு சிந்தல. மனானா அவரு பின்னாடியே, விழுந்தா பிடிக்க ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, கோழி பிடிக்கிறவ மாதிரி நடக்குறா.

“ஐயா, தனியா குளிக்க முடியுதா?”ன்னு டாக்டரம்மா கேட்டாங்க.

“பின்ன என்ன டாக்டரம்மா, துணைக்கு ஊரையா கூப்பிடுவாங்க?”

“படி ஏறி இறங்க?”

“நடனமே ஆடுவேன். நீங்க சரின்னா இப்பவே.”

டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. எனக்குப் பொறுக்கல. “பொய், டாக்டர்! அவரால எந்திரிக்கவே முடியாது! ராத்திரி பகல் ஆளு வேணும்!”

மாமா என்னைக் காட்டி மெதுவா, ரகசியம் சொல்ற மாதிரி எல்லாருக்கும் கேக்கச் சொன்னாரு: “தப்பா நினைக்காதீங்க. மருமகளுக்கு இந்த வீட்டு மேல கொஞ்சம் கண்ணு.”

அவங்க படி இறங்கி, கீழ கார் கிளம்பிப் போன சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம்தான் மாமா சரிஞ்சாரு. நானும் மனானாவும் மூட்டை தூக்கற மாதிரி தூக்கிக் கட்டில்ல போட்டோம். மூணு நாள் அசையல. அந்த நிலைமையிலயும் கேக்குறாரு:

“எப்படி மருமகளே? அசந்துட்டாங்க பாத்தியா?”

“அசந்துட்டாங்க மாமா. உங்களுக்கு ஒரு பைசா தர வேண்டாம்னு எழுதுற அளவுக்கு அசந்துட்டாங்க.”

அப்படித்தான் எழுதி வந்துச்சு. அவங்க மேல தப்பு சொல்ல எனக்கு வாயில்ல, பாத்ததைத்தானே எழுதுவாங்க? கோர்ட்டுக்குப் போகலாம்னு தொனாத்தோ சொன்னாரு. எங்க கோர்ட்டு முடிக்கிறதுக்குள்ள மாமா பேருல திவசமே முடிஞ்சுடும். நுன்சியா அன்னைக்கே இல்லத்துல இடம் சொல்லி வச்சுட்டா. வரப்போற மாசம் கூட்டிட்டுப் போகணும்னு போன்ல சொன்னா. அன்னைக்கு மட்டும் டவர் ஜோரா இருந்துச்சு.

மாமாவோட பால்கனிக் கத்தல் நின்னுடுச்சு. எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு.

அந்த வாரத்துல ஒரு நாள் துணியைத் தூக்கிட்டுப் போறேன், பட்டப்பகல்ல வீடு இருட்டா இருக்கு. திரை எல்லாம் மூடியிருக்கு. மாமா கட்டில்ல கிடக்கிறாரு. நாலு நாள் தாடி, வாய் திறந்து கிடக்கு, போர்வை கழுத்து வரைக்கும். பக்கத்துல மனானா மெழுகுவத்தி ஏத்தி வச்சுக்கிட்டு அவ பாஷைல என்னமோ ஜெபம் பண்றா. கால்மாட்டுல எங்க ஊரு மருந்துக்கடைக்காரர் ரனியேரி, தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு.

“ஐயோ மாமா! என்னை விட்டுட்டுப் போறீங்களா!”ன்னு துணிக்கூடையைப் போட்டுட்டு ஓடி விழுந்து அழுதேன். நிஜமா அழுதேன். ரனியேரி என் தோள்ல தட்டி, “தைரியமா இருங்கம்மா”ன்னு சொல்லிட்டு, கால் சத்தம் கேக்காம இறங்கிப் போனாரு.

மாமா ஒரு கண்ணைத் திறந்தாரு. “போயிட்டானா?”

“போயிட்டாரு”ன்னு மனானா மெழுகுவத்தியை ஊதி அணைச்சா.

“மருமகளே, பிரமாதம்! உன் அழுகைக்கே விலை ஏறியிருக்கும்.”

அப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது. எங்க நாட்டுல வயசானவங்க வீட்டை இப்படியும் விக்கலாம். வீடு இன்னைக்கே வாங்கினவன் பேருக்குப் போயிடும். ஆனா வித்தவங்க கண்ணு மூடுற வரைக்கும் அதுலயே இருக்கலாம், யாரும் கிளப்ப முடியாது. வித்தவங்க சீக்கிரம் போயிடுவாங்கன்னு வாங்குறவனுக்குத் தோணினா நல்ல விலை குடுப்பான். நாள் ஆகும்னு தோணினா குறைப்பான். மாத்திரை வாங்கப் போன மனானாகிட்ட, வீட்டை விக்கிறதா ரனியேரிக்கு மாமா சேதி சொல்லி அனுப்பியிருக்காரு. ரனியேரி ஏற்கெனவே இதே மாதிரி ஒரு வீடு வாங்கினவரு. அதுல இருக்கிற கிழவி இன்னும் தோட்டத்துல வெள்ளரிக்காய் போட்டுக்கிட்டிருக்கா. அதனால இந்தத் தடவை சரக்கை நேர்ல பாக்க வந்தாரு.

“ஏன் மாமா, அன்னைக்கு டாக்டருங்க முன்னாடி இப்படிக் கிடந்திருந்தா என்ன?”

“அவங்க விருந்தாளிங்க. இவன் வியாபாரி.”

நல்லா இருக்கேன்னு சொன்னது பொய். சாகக் கிடக்கிறேன்னு காட்டினதும் பொய். நடுவுல இருக்கிற நிஜத்தை, அதாவது குளிக்க முடியாது, நடக்க முடியாது, ஆனா சாகவும் மாட்டேங்கிறதை, யாருக்கும் காட்ட அவருக்கு மனசு வரல.

பத்திரம் எழுதுறவரு வீட்டுக்கே வந்து வாசிச்சுக் காட்டி முடிச்சாரு. வந்த காசு பேங்க்ல இருக்கு. மாசாமாசம் மனானாவுக்குப் போகுது. நுன்சியா மிலான்ல இருந்து அடுத்த ரயிலைப் பிடிச்சு வந்துட்டா. மாமா விழுந்தப்போ கிடைக்காத ரயில்.

“சித்தப்பா, எங்க அப்பாவும் சேர்ந்து கட்டின வீடு!”

“உங்க அப்பன் பங்கை நான் காசு குடுத்து வாங்கின அன்னைக்கு நீ ஐஸ்கிரீம் தின்னுட்டிருந்தே. போ, அண்ணி மசியல் கொண்டு வந்திருக்கா, சாப்பிட்டுப் போ.”

அவ சாப்பிடாமலே போனா. எனக்கும் வயித்தெரிச்சல்தான். அந்த வீடு எங்களுக்கு வரும்னு தொனாத்தோ கணக்குப் போட்டு வச்சிருந்தாரு, நானும் மனசுக்குள்ள சுவத்துக்குப் பெயின்ட் கூட அடிச்சுட்டேன். போகட்டும். அவரு வீடு, அவரு உடம்பு. அதுக்கு அவரே செலவு பண்றாரு. எங்ககிட்ட யாரும் பிச்சை கேக்கல.

இப்போ ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சதும் ரனியேரி தவறாம வர்றாரு. அன்னைக்கு மனானாவுக்கு லீவு, நான்தான் காவல். கையில பாதாம் இனிப்புப் பெட்டி. மாமாவுக்குச் சர்க்கரை. அது ரனியேரிக்குத் தெரியாதா? ஊருக்கே மருந்து விக்கிறவராச்சே! ஆனா வாரத்துக்கு வாரம் பெட்டி பெருசாகுது.

“எப்படி இருக்கீங்க, கதால்தோ ஐயா?”

“உங்க புண்ணியத்துல நேத்தைக்கு இன்னைக்குத் தேவலாம்.”

“பசி எடுக்குதா?”

“கல்லைக் குடுத்தாலும் செரிக்குது.”

ரனியேரி முகத்துல சிரிப்பு இருக்கும், ஆனா கண்ணு சுவத்தோரம் ஈரம் எங்கங்க இருக்குன்னு பாத்துட்டிருக்கும். அவரு போனதும் இனிப்பை நான் எங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவேன். மாத்திரையை மட்டும் மனானா பக்கத்து ஊருக்கு பஸ் ஏறிப் போய் வாங்கிட்டு வர்றா. “ரனியேரி நல்ல மனுஷன்தான் மாமா”ன்னு சொன்னா, “நல்லவன்தாம்மா. நல்லவனா இருக்கிறப்பவே அவனைப் பாவத்துல விழாமக் காப்பாத்தணும்ல?”ங்கிறாரு.

இத்தனையும் சொல்லிட்டு ஒண்ணு சொல்லாம விட்டா தப்பு. அந்த மாடிப்படி ஏறி வர்றவங்க யாருன்னு யோசிச்சுப் பாத்தேன். ஒருத்தி அவருகிட்ட காசு வாங்கிட்டு வர்றா. ஒருத்தரு அவருக்குக் காசு குடுத்துட்டு வர்றாரு. நான் சொந்தம்ங்கிறதால வர்றேன், அதுவும் திட்டிக்கிட்டே. சும்மா, எதுக்கும் இல்லாம, அவரைப் பாக்கணும்னு மட்டும் ஒருத்தர் வந்து நான் பாத்ததில்ல.

வியாழக்கிழமை மத்தியானமும் மனானாவுக்கு லீவு. எனக்கு அன்னைக்குத்தான் என் வீட்டு வேலை பாக்க நேரம். மாமா தனியாத்தான் இருப்பாரு. ரொட்டிக்கடைக்கு மேல, பச்சை வர்ணம் அடிச்ச பால்கனி. கதவு சாத்தித்தான் இருக்கும், தள்ளினா திறக்கும். ஒண்ணும் வாங்கிட்டுப் போக வேண்டாம், வெறுங்கையோடயே போங்க. ஒரு வியாழக்கிழமை போய் அவரைப் பாத்துட்டு வாங்க.