மரை படுத்த இடம்

பயிரைத் தின்னும் மிருகங்களைச் சுடத் துவக்குக்கு அனுமதி கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை இருந்தது. காட்டோரக் காணியைப் பார்வையிடப் போகும் அலுவலர் தனியே போகக் கூடாது, அந்தக் காட்டை அறிந்த காவலர் ஒருவரைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்று அதில் ஒரு பந்தி. நல்ல பந்தி. எழுதியவர் ஒரு நாளாவது காட்டில் நின்று பயந்திருக்க வேண்டும்.

அதன்படி காவலர் ஒருவரை அனுப்பும்படி மேலிடத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு அந்த நினைவூட்டலை நினைவூட்டினேன். அதற்குள் தை பிறந்துவிட்டது. பல்லேகமவுக்கு அப்பால் காடு வெட்டிப் பயிரிட்ட ஒரு சேனையில் குரக்கன் கதிர் முற்றிக்கொண்டிருந்தது. மரை மான்கள் அதைத் தின்றுகொண்டிருந்தன. மரைகள் மேலிடத்தின் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. நான் மாத்தளையில் பஸ் ஏறினேன்.

விண்ணப்பதாரர் ஐம்பது வயது மதிக்கத்தக்க முஸ்லிம் விவசாயி. முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல நான் அவரை ‘நானா’ என்றேன். அவர் என்னை ஐயா என்றார். என் மண்ணிறக் கோட்டையும் சப்பாத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“காட்டுக்குக் கோட்டா ஐயா?”

“கடமைக்கு வந்திருக்கிறன், நானா.”

“அதுக்கில்ல. தூரத்துலேர்ந்து பாத்தா மரை மாதிரியே இருக்கீங்க. கொம்பு ஒன்னுதான் கொற.”

சிரித்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து அந்தப் பேச்சு எனக்கு நினைவு வந்தது.

சேனையில் பொய் இல்லை. குரக்கன் கதிர்கள் கடித்து இழுக்கப்பட்டிருந்தன. குளம்படிகள் என் உள்ளங்கை அகலம். ஆனால் படிவத்தின் ஏழாம் கேள்விக்குச் சேனையில் நின்று விடை எழுத முடியாது. மிருகங்கள் தங்கும் இடம் எது, அங்கிருந்து பயிர் வரை எத்தனை அடி, அலுவலர் அதை நேரில் கண்டாரா? நான் அளவு நாடா கொண்டு போயிருந்தேன்.

மேலே, இலுக்குப்புல் மூடிய சரிவில்தான் அவை படுக்கும் என்றார் நானா. அங்கே போக மிருகங்கள் மிதித்த நல்ல தடம் ஒன்று தெரிந்தது. அவரோ என்னைப் பாறைப் பக்கமாக ஏற்றினார். இரண்டு இடத்தில் கைகளையும் ஊன்றி ஏறினேன். களைத்துத் திரும்பிப் போகட்டும் என்று நினைக்கிறார், மேலே படுக்கையும் இல்லை ஒன்றும் இல்லை என்று நான் தீர்மானித்தேன். அலுவலகத்தில் பதினெட்டு வருடம் இருந்தால் மனிதன் இப்படித்தான் யோசிப்பான்.

படுக்கை இருந்தது. சரிவின் நடுவே சிறிய மட்டமான திட்டு. அதில் புல் முட்டை வடிவமாக நசுங்கிக் கிடந்தது. பக்கத்தில் சின்னதாக இன்னும் இரண்டு. நானா குந்தி, பெரிய படுக்கையில் புறங்கையை வைத்தார்.

“தொட்டுப் பாருங்க.”

சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போன பாய் போல. மிருகம் எங்கோ பக்கத்தில் நின்று எங்களைப் பார்க்கிறது.

“தாயும் ரெண்டு குட்டியும்” என்றார். “முதுகப் பாறைப் பக்கம் வச்சுத்தான் படுக்கும். காத்து அங்கேர்ந்துதான் வருது. பின்னால வாறவன மூக்கு புடிச்சிரும். முன்னால வாறவனக் கண்ணு புடிச்சிரும். ரெண்டு பக்கமும் காவல்.”

“அப்ப வேட்டைக்காரன் என்ன செய்வான்?”

“படுக்கைக்குக் கிட்ட வரவே மாட்டான். மனுச வாட இருந்தா ஒரு கிழமைக்கு அது இந்தப் பக்கம் தல வச்சும் படுக்காது. படுக்கைய எட்ட நின்னு பாக்கோணும். எழும்பினா சோம்பல் முறிச்சு, மூத்திரம் பேஞ்சு, ஒரே வழியாத்தான் எறங்கும். அந்த வழியத் தெரிஞ்சா போதும். வேட்ட அங்கதான்.”

இவ்வளவையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். எழுதிய வசனத்துக்கு என்ன பொருள் என்று மட்டும் யோசிக்கவில்லை. அதுவும் அலுவலகப் பழக்கம்தான்.

“படுக்கையப் பாத்தாச்சு. வந்த வழியே எறங்குவோம்” என்றார்.

“அடி அளக்க வேணும். மிருகம் போற வழியால அளந்தால்தான் கணக்கு.”

“அந்தப் பக்கம் அட்ட கூடுதல் ஐயா. நான் சொல்றேன், அறுநூறு அடி. எழுதிக்கோங்க.”

நேரில் காணாததை எழுதச் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. நாடாவின் நுனியை ஒரு கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு, படுக்கையிலிருந்து இறங்கிய தடத்தில் நடந்தேன். முப்பது அடி, நாற்பது அடி.

“அசையாதீங்க! பாம்பு!”

நின்றேன். இடது கால் முன்னே, வலது கால் பின்னே. பின்னால் ஓடிவந்த நானாவின் முகத்தில் இரத்தமே இல்லை. கண்ணை மட்டும் தாழ்த்திப் பாம்பைத் தேடினேன். என் சப்பாத்தின் மேல் கறுப்பாக, மெல்லியதாக, நேராக ஒன்று கிடந்தது. புல்லுக்குள்ளிருந்து வந்து, சப்பாத்து நாடாவின் முடிச்சுக்குள் நுழைந்து, மற்றப் பக்கம் ஒரு செடியில் கட்டப்பட்டிருந்தது.

“நானா” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. “இந்தப் பாம்பைச் செடியிலை ஆர் கட்டினது?”

நான் இடப்பக்கம் பார்த்தேன். ஆறேழு அடி தள்ளி, மழை படாமல் வாழைமடல் போர்த்தி, இரண்டு முளைகளில் ஒரு கட்டுத்துவக்கு. மிருகத்தின் கால் கயிற்றில் பட்டால் தானாக வெடிப்பது. மரையின் நெஞ்சுக்கு வைத்த குறி, எனக்குச் சரியாகத் தொப்புளுக்கு நேரே இருந்தது.

“முன்னால வெச்சாலும் இழுக்கும். பின்னால எடுத்தாலும் முடிச்சுல கொளுவி இழுக்கும்” என்றார் நானா. “அல்லாக்காக அப்படியே நில்லுங்க. நான் சுத்தி வாறேன்.”

அவர் புல்லுக்குள் மறைந்தார். நான் நின்றேன். கடமையின்போது இறந்தால் எந்தப் படிவம் என்று எனக்குத் தெரியும். சுற்றறிக்கையை மீறிப் போய் இறந்தால் அந்தப் படிவம் செல்லாது என்பதும் தெரியும். என் மனைவி கடிதம் எழுதுவாள். யார் பதில் போடுவார்கள், எப்போது போடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இத்தனையும் தெரிந்த ஒருவனுக்குக் காலை எப்படி ஆடாமல் வைத்திருப்பது என்று தெரியவில்லை. முழங்கால் தன்பாட்டில் நடுங்கத் தொடங்கியது. கயிறும் கூடவே நடுங்கியது.

“எந்தக் காலு ஆடுது?” துவக்குக்குப் பின்னாலிருந்து நானாவின் குரல்.

“ரெண்டும்.”

“ஆட்டாதீங்க ஐயா!”

“நானோ ஆட்டுறன்?”

வாழைமடலை அவர் மெல்ல நீக்குவது தெரிந்தது. அதே நேரம் அட்டை ஒன்று என் காலுறைக்கு மேலே கடித்தது. அட்டையைப் பற்றி அவர் சொன்னது மட்டும் உண்மை. என்னை அறியாமல் கால் சுண்டியது.

டொக்கென்று ஒரு சத்தம். பிறகு அடக்கிய ஒரு முனகல். வெடி இல்லை.

கண்ணைத் திறந்தபோது நானா துவக்கின் மேல் குனிந்திருந்தார். குதிரை என்கிற அந்த இரும்பு, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பில் விழுந்தால்தான் வெடிக்கும். இரண்டுக்கும் நடுவில் தன் பெருவிரலைக் கொடுத்திருந்தார். நகம் பிளந்து இரத்தம் ஒழுகியது. மற்றக் கையால் கேப்பைக் கழற்றி எறிந்த பிறகுதான் விரலை எடுத்தார்.

நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். என் கைலேஞ்சித் துணியால் அவர் விரலைக் கட்டினேன். கட்டியது நான் என்றாலும் முடிச்சுப் போட்டது அவர்தான்.

“எழுதுங்க ஐயா” என்றார். “எழுத வேண்டியத எழுதுங்க. லைசென்ஸ் கேட்டு ஒரு வருசம் பாத்தேன். புள்ளைங்க திங்கிறத அது திங்குது.”

“வேறை எங்கையும் இருக்கோ?”

தலையைக் குனிந்துகொண்டார். “இன்னொன்னு இருக்கு.”

“எங்கை?”

“கீழ. அந்த நல்ல தடத்துல. அதுக்குத்தானே ஐயாவப் பாறைப் பக்கமாக் கூட்டிட்டு வந்தேன்.”

பாறை வழியே, கழற்றிய துவக்கோடு அவரை முன்னால் விட்டு, அவர் கால் வைத்த இடத்தில் மட்டும் கால் வைத்து இறங்கினேன். இறங்கி முடித்ததும் அவர் மற்றதையும் கழற்றிக்கொண்டு வந்தார்; இரண்டு துவக்குகளின் குதிரைகளையும் கல்லில் அடித்து உடைக்கச் சொன்னேன். துண்டுகளை என் கோட்டுப் பைக்குள் போட்டேன். ஒன்பதாம் கேள்வி: விண்ணப்பதாரரிடம் வேறு துவக்கு உண்டா? சுடக்கூடியது எதுவும் இல்லை என்று எழுதினேன். அதில் பொய் இல்லை. ஏழாம் கேள்விக்கு, நாற்பது அடி வரை நேரில் அளக்கப்பட்டது, மீதி விண்ணப்பதாரரின் கூற்று என்றேன். அனுமதி வழங்கலாம் என்று சிபாரிசு செய்தேன். பொலிசுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

சில மாதங்களின் பின் நானா அனுமதிப்பத்திரத்தோடு ஏதோ அலுவலாக என் மேசைக்கு வந்தார். பெருவிரலில் புது நகம் முழுதாக முளைத்திருந்தது, நடுவே ஒரு தழும்போடு. அவர் நின்றுகொண்டிருக்கும்போதே பியூன் தபாலைக் கொண்டுவந்து வைத்தான். மேலே மேலிடத்தின் கடிதம். எனது மூன்று கடிதங்களையும் சுட்டி, காவலர் ஒருவர் ஒழுங்கு செய்யப்படும்வரை காட்டுக்குள் செல்ல வேண்டாம் என்று அறிவுறுத்தியிருந்தார்கள். அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

“நல்ல புத்திதான் ஐயா” என்றார், நகத்தைத் தடவிக்கொண்டு.

கடிதம் கிடைத்த திகதியை மூலையில் குறித்தேன்: ஓகஸ்ட் இருபத்திரண்டு.